மூட்டைக் கணக்கும் மேட்ரிக்ஸும்: நம்பை, லாபேக் புதிதாகத் தொடங்குவோருக்கு

சித்தப்பாவின் டைரியில் விலை என்று ஒன்று இருக்கவே இருக்காது. நீலகிரியில், கேத்தி பள்ளத்தாக்கில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒன்றரை ஏக்கர். கேரட், உருளை, பீட்ரூட் மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுவார். லோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய், பணம் வந்ததும் அவர் எழுதி வைப்பது இரண்டே சங்கதி: எத்தனை மூட்டை போனது, கைக்கு எவ்வளவு வந்தது. மண்டியில் கொடுத்த சீட்டு அன்றைக்கே அடுப்புப் பற்றவைக்கப் போய்விடும்.

ஒரு வாரத்தில் மூன்று லோடு போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (எண்களை விளக்கத்துக்காக நானே போட்டிருக்கிறேன். யாரும் இதை வைத்து மண்டியில் பேரம் பேச வேண்டாம்.)

முதல் லோடு: கேரட் 4, உருளை 2, பீட்ரூட் 1. வந்தது 10,800 ரூபாய்.
இரண்டாவது: கேரட் 2, உருளை 5, பீட்ரூட் 3. வந்தது 13,050.
மூன்றாவது: கேரட் 1, உருளை 3, பீட்ரூட் 6. வந்தது 11,250.

அந்த வாரம் கேரட் மூட்டை என்ன விலைக்குப் போனது?

பத்தாம் வகுப்பில் போட்ட ஒருங்கமைச் சமன்பாடுதான் இது. மூன்று தெரியாத விலை, மூன்று சமன்பாடு. மூட்டை எண்ணிக்கைகளை மட்டும் எடுத்து மூன்று வரிசை, மூன்று நிரலாக அடுக்கினால் அது மேட்ரிக்ஸ். பாடப்புத்தகம் அணி என்று சொல்லும். எண்களைக் கொண்டு அணிக்கணக்குப் போடும் வேலைக்கு நியூமெரிக்கல் லீனியர் ஆல்ஜீப்ரா என்று பெயர். அதற்கென்று இலவசமாகக் கிடைக்கும் லைப்ரரிகளை (மற்றவர்கள் எழுதி வைத்திருக்கும் நிரல் தொகுப்புகளை) எப்படி நிறுவுவது, எப்படிப் பயன்படுத்துவது, எங்கே கால் வழுக்கும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். நிறுவுவது ஐந்து நிமிட வேலை. வழுக்குகிற இடங்களுக்குத்தான் கூடுதல் நேரம் தேவைப்படும்.

முதலில் கையால் போட்டுப் பார்ப்போம். இதை ஒரு தடவை பார்த்துவிட்டால் லைப்ரரி உள்ளே என்ன செய்கிறது என்பதில் பாதி புரிந்துவிடும்.

முதல் வரியில் பாதியை இரண்டாவது வரியிலிருந்து கழித்தால் கேரட் காணாமல் போகும். மிச்சம் உருளை 4, பீட்ரூட் 2.5, தொகை 7,650. முதல் வரியில் கால்பங்கை மூன்றாவதிலிருந்து கழித்தால் அங்கேயும் கேரட் போய்விடும்: உருளை 2.5, பீட்ரூட் 5.75, தொகை 8,550. இனி புது இரண்டாவது வரியை 0.625 மடங்காக்கி மூன்றாவதில் கழித்தால் உருளையும் போய்விடும். நிற்பது பீட்ரூட் மட்டும்: 4.1875 மூட்டைக்கு 3,768.75 ரூபாய். வகுத்தால் 900. அதை மேல் வரியில் போட்டால் உருளை 1,350. இரண்டையும் முதல் வரியில் போட்டால் கேரட் 1,800.

மேலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே இறங்கி, பிறகு கீழிருந்து விடையைப் போட்டுக்கொண்டே ஏறுவது. காஸ் நீக்கல் முறை என்பது இதுதான். லைப்ரரியும் இதையேதான் செய்கிறது, ஒரு ஜாக்கிரதையோடு. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நிரலில் எந்த எண் பெரிதோ அந்த வரியை மேலே தூக்கி வைத்துக்கொண்டு கழிக்கும். பூஜ்ஜியத்தாலோ, பூஜ்ஜியத்தை ஒட்டிய எண்ணாலோ வகுத்து விடையைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது, பிவட்டிங் என்பார்கள். நம் கணக்கில் பெரிய எண்கள் தற்செயலாக மேலேயே இருந்ததால் வரி மாற்றத் தேவை வரவில்லை.

இப்போது கணினிக்கு வருவோம். தொடக்கத்துக்கு நான் சொல்வது பைத்தான் மொழியும் நம்பை லைப்ரரியும். நியூமெரிக்கல் என்பதன் முதல் மூன்று ஆங்கில எழுத்து, பைத்தான் என்பதன் முதல் இரண்டு, சேர்த்தால் நம்பை. கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். திரையில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் என்றால் பைத்தானை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவும்போது, முதல் திரையில் கீழே 'பாத்'தில் சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் விட்டவர்கள்தான் பிறகு 'பிப் என்ற கட்டளையே இல்லை என்கிறதே' என்று வருகிறார்கள். பிப் என்பது பைத்தானுக்கு லைப்ரரிகளை இறக்கி நிறுவித் தரும் கட்டளை. டிக் செய்து நிறுவியபின் கட்டளைத் திரையில்:

பிப் இன்ஸ்டால் நம்பை

உபுண்டு என்றால்:

சூடோ ஏப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-நம்பை

புதிய உபுண்டுவில் பிப் வழியாக நேரே நிறுவப் போனால், இந்தச் சூழலை வேறொருவர் நிர்வகிக்கிறார் என்று சொல்லி மறுத்துவிடும். அது பழுது இல்லை. சிஸ்டத்தின் சொந்த பைத்தானில் கை வைக்காதே என்கிறது. பைத்தான்3 -எம் வென்வ் கணக்கு என்று அடித்தால் 'கணக்கு' என்ற பெயரில் தனிப் பைத்தான் அறை ஒன்று உருவாகும். சோர்ஸ் கணக்கு/பின்/ஆக்டிவேட் என்று அதற்குள் நுழைந்து அங்கே பிப் போட்டுக்கொள்ளலாம். (வென்வ் இல்லை என்று சொன்னால் பைத்தான்3-வென்வ் என்ற பொதியை முதலில் ஏப்ட் வழியாகப் போடுங்கள்.)

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. ஆடிக் காற்றில் கரன்ட் போய், டவரும் போய், சிக்னலுக்காக ரோட்டு வளைவுக்கு ஏறிப் போய் நிற்கிற நாட்கள் உண்டு. அப்போது ஊட்டியிலோ குன்னூரிலோ நெட் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து பிப் டவுன்லோட் நம்பை என்று அடித்தால், நிறுவாமல் கோப்பை மட்டும் இறக்கிக் கொடுக்கும். பென் டிரைவில் எடுத்து வந்து, வீட்டுக் கணினியில் அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு:

பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ்=. நம்பை

நெட்டைத் தொடாமலே நிறுவிவிடும். இரண்டு கணினியிலும் பைத்தான் பதிப்பும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் இறக்கிக்கொண்டு வந்து, ஒரு நாள் பஸ் கட்டணத்தை வீணாக்கியவன் நான்.

இனி சித்தப்பா கணக்கு:

இம்போர்ட் நம்பை ஆஸ் என்பி
மூட்டை = என்பி.அரே([[4, 2, 1], [2, 5, 3], [1, 3, 6]])
தொகை = என்பி.அரே([10800, 13050, 11250])
விலை = என்பி.லின்ஆல்ஜ்.சால்வ்(மூட்டை, தொகை)
பிரிண்ட்(விலை)

மூட்டை, தொகை, விலை என்ற மூன்று பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே அடிக்கலாம். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். நான் அப்படித்தான் எழுதுகிறேன். மற்றவை லைப்ரரி வைத்த பெயர்கள், ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். லின்ஆல்ஜ் என்பது லீனியர், ஆல்ஜீப்ரா இரண்டிலும் முதல் மூன்று மூன்று ஆங்கில எழுத்து.

விடை 1800, 1350, 900 என்று வரும். சில கணினியில் கடைசித் தசமத்தில் ஒரு துளி கூடவோ குறையவோ காட்டலாம். பயப்பட வேண்டாம். கணினி ஒரு தசம எண்ணைச் சுமார் 15, 16 இலக்கம் வரைதான் நினைவில் வைத்துக்கொள்கிறது. அதற்குப் பின்னால் வருவது வெட்டுப்படும்.

நேர்மாறு அணி கண்டுபிடித்துப் பெருக்கு என்று பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நம்பையிலும் அதற்கு இன்வ் என்று ஒன்று இருக்கிறது. விடை மட்டும்தான் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். வேலையும் கூடும், துல்லியமும் குறையும். சால்வ் போதும்.

இந்த சால்வ் என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் யார் வேலை செய்கிறார்கள் என்பது தெரிந்திருப்பது நல்லது. நம்பை தானாகக் கணக்குப் போடுவதில்லை. கீழே லாபேக் என்ற லைப்ரரியைக் கூப்பிடுகிறது. லாபேக் 1992-இல் வெளிவந்தது. அதற்கு முன் 1970-களில் லின்பேக், ஐஸ்பேக் என்று இரண்டு இருந்தன. அவற்றின் இடத்தைப் பிடிக்க வந்தது இது. எழுதப்பட்டது ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல் மொழியில். லின்பேக், லாபேக் இரண்டிலும் முக்கியப் பங்கு வகித்த ஜாக் டொங்காராவுக்கு 2021-ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது (கணினித் துறையின் மிக உயர்ந்த விருது) கிடைத்தது. லின்பேக்கையும் ஐஸ்பேக்கையும் மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலே பயன்படுத்தட்டும் என்று கிளீவ் மோலர் எழுதிய சின்ன நிரல்தான் பின்னால் மேட்லேப் ஆனது. உலகத்தின் வேகமான சூப்பர் கம்ப்யூட்டர்களை 1993-லிருந்து வரிசைப்படுத்தும் டாப்500 பட்டியலுக்கு வைக்கும் சோதனையின் பெயர் இன்றைக்கும் லின்பேக். அங்கேயும் கேட்கும் கேள்வி இதே மூட்டைக் கணக்குதான். மூன்று வரிக்குப் பதில் பல லட்சம் வரி.

லாபேக்குக்கும் கீழே பிளாஸ் என்று ஒரு தளம். அணியைப் பெருக்குவது, வரியைக் கழிப்பது போன்ற கூலி வேலை முழுக்க அங்கே நடக்கிறது. வேகம் அங்கேதான் தீர்மானமாகிறது. கணினியின் செயலி (பிராசசர்) வேகமாகக் கணக்குப் போடும்; நினைவகத்திலிருந்து எண்ணை எடுத்து வருவதுதான் தாமதம். பர்லியார் வளைவுகளில் இறங்கி மேட்டுப்பாளையம் போய் ஒரு கிலோ சர்க்கரை வாங்கி ஏறி, மறுபடி இறங்கி ஒரு கிலோ உப்பு வாங்குகிறவர் உண்டா? ஒரே நடையில் மாதச் சாமான் முழுவதையும் ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டில் வைத்து எடுத்து எடுத்துப் பயன்படுத்துவோம். நல்ல பிளாஸ் அணியை அப்படித் துண்டு துண்டாகச் செயலியின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, அந்தத் துண்டில் முடிக்கக்கூடிய வேலையை எல்லாம் முடித்துவிட்டுத்தான் அடுத்த நடை போகும். இந்த வித்தையைத் தீட்டியவர்களில் கசுஷிகே கோட்டோ முக்கியமானவர். அவருடைய கோட்டோபிளாஸிலிருந்து கிளைத்தது ஓபன்பிளாஸ். விண்டோஸிலும் லினக்ஸிலும் பிப் வழியாக நம்பையை நிறுவினால் ஓபன்பிளாஸும் அதற்குள்ளேயே வந்துவிடும். என்பி.ஷோ_கான்ஃபிக்() என்று கேட்டால் எந்த பிளாஸ் ஓடுகிறது என்று சொல்லும்.

எல்லாம் இலவசம். இலவசம் என்றால் காசு இல்லை என்பது மட்டுமில்லை. நம்பை, லாபேக், ஓபன்பிளாஸ் மூன்றும் பி.எஸ்.டி. வகை உரிமத்தில் இருக்கின்றன. நிரலைத் திறந்து படிக்கலாம், மாற்றலாம், விற்கும் மென்பொருளில்கூடச் சேர்க்கலாம்.

பைத்தானைத் தாண்டி சி மொழியிலிருந்து நேரே லாபேக்கைக் கூப்பிட விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு பகுதி. மற்றவர்கள் இந்த நான்கு பத்தியைத் தாண்டிப் போகலாம், ஆனால் பீட்ரூட் கதை நன்றாக இருக்கும்.

உபுண்டுவில் லிப்ஓபன்பிளாஸ்-டெவ், லிப்லாபேக்-டெவ் இரண்டையும் ஏப்ட் வழியாகப் போட்டால் போதும். மூல நிரலை இறக்கித் தொகுத்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஆரம்பத்தில் நான் பாதி ராத்திரி அதைச் செய்தேன், கிடைத்தது ஓபன்பிளாஸைவிட மெதுவான ஒன்று. கூப்பிட வேண்டிய நிரலின் பெயர் ஐந்து ஆங்கில எழுத்து: டி, ஜி, ஈ, எஸ், வி. பழைய ஃபோர்ட்ரானில் பெயருக்கு ஆறு எழுத்துக்கு மேல் கிடையாது, அதனால் இந்தச் சிக்கனம். டி என்றால் டபுள் துல்லியம், ஜிஈ என்றால் ஜெனரல் அணி, எஸ்வி என்றால் சால்வ். இந்தச் சாவி பிடிபட்டால் லாபேக்கின் நூற்றுக்கணக்கான பெயர்களும் படிக்க வந்துவிடும். தொகுக்கும்போது -எல்லாபேக், -எல்பிளாஸ் என்ற இரண்டையும் உங்கள் கோப்பின் பெயருக்குப் பின்னால் போடுங்கள். முன்னால் போட்டுவிட்டு 'அன்டிஃபைண்ட் ரெஃபரென்ஸ்' என்று திட்டு வாங்காதவர் குறைவு.

நான் மேலே உள்ள மூன்று லோடையே கொடுத்துச் சோதித்தேன். விடை சரி. தைரியம் வந்து, முதல் இரண்டு லோடை அப்படியே வைத்து, மூன்றாவது லோடில் கேரட் 1, பீட்ரூட் 6, உருளை இல்லை, தொகை 7,200 என்று இருந்த வேறொரு கணக்கைக் கொடுத்தேன். கேரட் 1,758, உருளை 1,907, பீட்ரூட் மைனஸ் 46 என்று வந்தது. பக்கத்தில் டீயோடு நின்ற சித்தப்பா எட்டிப் பார்த்தார். "ஏன்டா, பீட்ரூட்டையும் குடுத்து, மேல நாற்பத்தாறு ரூபாயும் நாம குடுக்கணுமா?" பிறகு அவரே, "ஒரு வருஷம் அப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

காரணம் இது. சி மொழியில் அணியை வரிசை வரிசையாக எழுதுவோம். ஃபோர்ட்ரான் அதை நிரல் நிரலாகப் படிக்கும். நான் கொடுத்த அணியை லாபேக் குறுக்கே புரட்டிப் படித்திருக்கிறது. அப்படியானால் முதல் சோதனை எப்படித் தேறியது? அந்த அணியைத் திரும்பப் பாருங்கள். 4, 2, 1 என்று குறுக்கே படித்தாலும் மேலிருந்து கீழே படித்தாலும் ஒன்றுதான். சமச்சீர் அணி. புரட்டினாலும் மாறாத உதாரணத்தை வைத்துக்கொண்டு சோதித்தேன் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். சோதனைக்கு எப்போதும் சமச்சீர் இல்லாத அணியை எடுங்கள். இன்னொன்று: லாபேக், நாம் கொடுத்த அணியின் மேலேயே தன் வேலையை எழுதிவிடும், தொகையின் இடத்தில் விடை வந்து உட்காரும். அதே அணியை இரண்டாவது தடவை கொடுத்தால் குப்பைதான் வரும். நம்பை நகல் எடுத்துக் கொடுப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

சரி, எல்லோருக்குமான பெரிய வழுக்கல்கள் இனிதான்.

மூன்றாவது லோடு கேரட் 8, உருளை 4, பீட்ரூட் 2 என்று இருந்தால்? அது முதல் லோடின் இரண்டு மடங்கு. சீட்டு மூன்று, சேதி இரண்டுதான். நம்பை 'சிங்குலர் மேட்ரிக்ஸ்' என்று சொல்லி நின்றுவிடும். லைப்ரரியில் கோளாறு என்று நினைத்துத் திரும்ப நிறுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோளாறு டைரியில் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது என்று அது நேர்மையாகச் சொல்கிறது.

நேர்மையாகச் சொல்லாத இடம் இதற்குப் பக்கத்து வீடு. இரண்டே காய், கிலோக் கணக்கில். முதல் நாள் கேரட் 100 கிலோ, உருளை 100 கிலோ, 7,000 ரூபாய். மறுநாள் கேரட் 101, உருளை 100, வந்தது 7,040. கழித்தால் கேரட் கிலோ 40, உருளை 30. இப்போது மறுநாள் தொகையை யாரோ முழுதாக்கி 7,050 என்று எழுதிவிட்டார்கள் என்று வையுங்கள். கேரட் 50, உருளை 20! ஏழாயிரத்தில் பத்து ரூபாய் நகர்ந்ததற்கு விலை இப்படி ஆடுகிறது. சால்வ் இரண்டு தடவையும் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாமல் விடை கொடுக்கும். இரண்டு நாள் சீட்டும் கிட்டத்தட்ட ஒரே சேதியைச் சொல்வதுதான் காரணம்.

இந்த ஆட்டத்தை அளக்க ஒரு எண் உண்டு, கண்டிஷன் நம்பர். என்பி.லின்ஆல்ஜ்.காண்ட்(அணி) என்று கேட்டால் கிடைக்கும். நம் மூன்று லோடு அணிக்கு அது 5-க்கும் கொஞ்சம் கீழே. இந்த இரண்டு நாள் அணிக்கு 402 சுற்று. கொடுத்த எண்ணில் இருக்கும் பிழை, சதவீதக் கணக்கில், விடையில் அதிகபட்சம் எத்தனை மடங்காகப் பெருகக்கூடும் என்பதை இது தோராயமாகச் சொல்கிறது. எத்தனை வந்தால் ஆபத்து என்று பொதுவாக ஒரு கோடு போட முடியாது. எடை போடும் தராசு நூற்றில் ஒரு பங்கு தவறினால் 402 என்பது பயங்கரம். எண்கள் பத்து இலக்கம் துல்லியமாக இருந்தால் 402 ஒன்றுமே இல்லை. புது அணி எது கையில் வந்தாலும் சால்வுக்கு முன்னால் ஒரு தடவை காண்ட் போடுவது என் பழக்கம்.

கடைசியாக, நிஜமான டைரியில் சமன்பாடுகள் மூன்றோடு நிற்பதில்லை. விலை பெரிதாக ஏறி இறங்காத ஒரு மாதத்தில் சித்தப்பாவிடம் பதினொரு லோடு இருந்தது. மூன்று விலைக்குப் பதினொரு சமன்பாடு. பதினொன்றுக்கும் அச்சாகப் பொருந்தும் விலை கிடைக்காது, சதுர அணி இல்லாததால் சால்வும் வாங்காது. அங்கே கூப்பிட வேண்டியது லீஸ்ட் ஸ்கொயர்ஸ்; நம்பையில் எல்எஸ்டிஸ்க்யூ. ஒவ்வொரு லோடிலும் கணக்குப்படி வர வேண்டியதற்கும் நிஜமாக வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் எந்த விலைகளுக்கு அந்தக் கூட்டல் மிகக் குறைவோ அந்த விலைகளைத் தரும். அது திருப்பித் தருவது நான்கு பொருள். நமக்கு முதலில் வேண்டியது முதலாவது:

விலை = என்பி.லின்ஆல்ஜ்.எல்எஸ்டிஸ்க்யூ(மூட்டை, தொகை)[0]
மிச்சம் = தொகை - மூட்டை @ விலை

@ என்பது அணிப் பெருக்கல். விலையைவிட எனக்கு அந்த இரண்டாவது வரி பிடிக்கும். பத்து லோடில் மிச்சம் கூடவோ குறையவோ 150 ரூபாய்க்குள் இருந்தது. ஏழாவதில் மட்டும் 430 ரூபாய் குறைவு. சித்தப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த வாரம் லாரி வாடகைய அங்கயே கழிச்சுக்கிட்டுல்ல குடுத்தாங்க" என்றார்.

"எவ்வளவு?"

"அறுநூறு."

430 எங்கே, 600 எங்கே? லீஸ்ட் ஸ்கொயர்ஸ் எல்லா லோடையும் சமாதானப்படுத்தப் பார்க்கும். அந்தத் தப்பான ஏழாவது லோடுக்காகவும் விலைகளைக் கொஞ்சம் வளைத்து, பள்ளத்தில் ஒரு பகுதியை மற்ற லோடுகளின் தலையில் கட்டியிருக்கிறது. ஏழாவதை எடுத்துவிட்டு மற்ற பத்தை வைத்து விலை கண்டுபிடித்தேன். அந்த விலையில் ஏழாவது லோடுக்கு வந்திருக்க வேண்டிய தொகையைப் பெருக்கிப் பார்த்தேன். டைரியில் இருந்தது அதைவிட 597 ரூபாய் குறைவு.